பாம்புப் பாடம் எடுப்பவர்

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுக்கிறார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தட்டி, வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதுகிறார். வெள்ளைத் தூள் தோட்டத்துக்குள் போனால், வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலியைச் சுற்றி மறுபக்கம் போய்விடுவார். ரோட்டுப் பக்கம் திரும்பினால்தான் நின்ற இடத்திலேயே நிற்பார். முதல் தடவை இதைப் பார்த்தபோது, வேலைக்கு வந்த இடத்தில் இத்தனை சிங்காரமா என்று நினைத்துக்கொண்டேன். டப்பா திரும்பப் பைக்குள் போனபிறகு பார்த்தால், முகத்தில் பொட்டுப் பவுடர் இல்லை.

“காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியணும்மா,” என்றார் நான் கேட்காமலே. “என் வாசனை எனக்கு முன்னாடி உள்ள போயிடுச்சுன்னா, நாய் அதையே பாடம்னு நினைச்சுக்கும்.”

வீட்டு நாய்கள் பாம்பைக் கண்டால் வம்புக்குப் போகாமல் விலகி வரக் கற்றுத் தருவதுதான் அவர் தொழில். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அக்கா. அந்தப் பக்கம் திரும்பியதும் பாம்பக்கா. இது அவருக்குத் தெரியாது என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, ஒருநாள் போனை எடுத்த என்னிடம் “பாம்பக்கா பேசறேன், அண்ணன் இருக்காரா?” என்றார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நடக்கும்போது தரை அதிர மிதித்து நடப்பார். பாம்புக்கு நாம் வருவது தெரியட்டும் என்று தோட்டங்களில் பழகியது, இப்போது ஆஸ்பத்திரி வராண்டாவிலும் அப்படியே நடந்து நர்ஸிடம் பேச்சு வாங்குகிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடவே மாட்டார். தன் கைப்பையைக்கூட வெளிச்சத்தில் விரித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பார். நாங்கள் போட்ட நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப நிமிர்த்தி உட்கார்ந்து, “டீ கிடைக்குமா?” என்றார். டம்ளரையும் கவிழ்த்துப் பார்ப்பாரோ என்று பயந்தேன். அதைச் செய்யவில்லை.

வாரத்தில் பாதி நாள் மிருகக்காட்சி சாலையின் பாம்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுத்தம் செய்கிற வேலை. விஷப் பாம்புகள் படுத்துப் புரண்ட துணிகளையும் உரித்துப் போட்ட சட்டைகளையும் மேலதிகாரியின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவைதான் அவருடைய பாடப் புத்தகம். கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழட்டுச் சாரைப்பாம்பும் முறைப்படி அவர் பொறுப்பில் இருக்கிறது. பல்லில் விஷம் கிடையாது, சுபாவமும் சாது. அதை அவர் ‘பெரியவர்’ என்று மரியாதையாகச் சொல்வார்.

அவர் கணவர் தையற்காரர். பெரியவருக்கான பைகளை அழுத்தமான துணியில் இரட்டைத் தையல் போட்டு அவர்தான் தைத்துக் கொடுக்கிறார். ஆனால் இத்தனை வருஷத்தில் பெரியவர் இருக்கும் அறைக்குள் ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லையாம். “பை தைக்கிறது என் வேலை. உள்ள யாரைப் போடுறான்னு நான் கேக்குறதில்ல, அவளும் சொல்றதில்ல. அப்படித்தான் சந்தோஷமா குடும்பம் நடத்திட்டிருக்கோம்,” என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போதே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் அண்ணன் செடி நர்சரி வைத்திருக்கிறார். பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாக நாற்றுப் பைகள், ஈரச் சாக்குகள், அடுக்கி வைத்த தொட்டிகள். தவளை வரும், தவளையைத் தேடி மற்றவர்களும் வருவார்கள். சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அண்ணனுடைய காதுகளைக் கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பின்னால் லாரி வந்தாலும் தெரியாது. அந்தக் குறையை எங்கள் நாய் தானாகவே எடுத்துக்கொண்டது. ஆள் வந்தால், வண்டி வந்தால், போன் அடித்தால் ஓடிப்போய் அவருடைய முழங்காலை மூக்கால் முட்டும். “என்னடா? காட்டு,” என்பார் அண்ணன். அது முன்னால் போகும். இவர் பின்னால் போவார். காலையில் எல்லா வரிசையையும் சுற்றிப் பார்த்துவிட்டு எந்த வேலையும் செய்யாமல் நிழலில் உட்கார்ந்துகொள்வதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜருக்கு ஒரு கெட்ட பழக்கம். பாம்பைப் பார்த்தால் விடாது. போன மழைக்காலத்தில் உதட்டில் கடி வாங்கி, முகம் பூசணிக்காயாக வீங்கி, பிழைக்குமா என்ற நிலையில் கிடந்தது. கால்நடை டாக்டர் எப்படியோ காப்பாற்றிவிட்டார். “இதுக்கு இன்னொரு கடி தாங்காது. பாத்துக்கங்க,” என்றார். அண்ணன் டாக்டரின் உதடுகளை ஒரு தடவைதான் பார்த்தார். திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மேனேஜரைக் கயிற்றில் கட்டிப் போட்டார். நாய் கட்டுத்தறியில் இருக்க, இவர் நிமிஷத்துக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். அவிழ்த்து விட்டால் நாய் போய்விடும். கட்டி வைத்தால் அண்ணனுக்குக் காது போனது போனதுதான். இந்த இக்கட்டில்தான் டாக்டர் பாம்பக்காவின் நம்பரைக் கொடுத்தார்.

கழுத்தில் மாட்டுகிற கரண்ட் பட்டை இருக்கிறதே, அதை மாட்டி ஷாக் கொடுத்தால் சட்டென்று படியாதா என்று நான்தான் கேட்டேன். பாம்பக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வலிச்சா நாய் பயப்படும். ஆனா எதைப் பாத்து பயப்படும்னு நாம தீர்மானிக்க முடியாது. செடியைப் பாத்து பயப்படலாம், அந்த நேரத்துல பக்கத்துல நின்ன உங்களைப் பாத்து பயப்படலாம். நான் யாரையும் மிரட்டுறதில்லம்மா, பேரம் பேசுறேன். நீ அதை விட்டுட்டு வா, நான் ஈரல் தர்றேன். அவ்வளவுதான்.”

பாடம் இதுதான்: மூடியில் துளை போட்ட டப்பாக்களில் பாம்புத் துணியை வைத்துச் செடிகளுக்கு நடுவே ஒளித்து வைப்பது. நாய் அந்தப் பக்கம் போய், வாசனை பிடித்து, அதன் மூக்கு ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் எஜமானர் கையை ஆட்டி அழைத்து எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். நாய் பின்னால் ஓடிவரும். வந்ததும் வேகவைத்த ஈரல். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், அந்த வாசனை வந்தவுடன் நாய்க்கு எஜமானர் ஞாபகமும் ஈரல் ஞாபகமும் வந்து தானாகவே ஓடிவந்துவிடும். எத்தனை டப்பாவில் துணி இருக்கிறதோ அத்தனை வெறும் டப்பாக்களையும் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார் பாம்பக்கா. எதற்கு என்று கேட்டபோது சிரித்துவிட்டார்.

தொழிலுக்கு வந்த புதிதில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எல்லா டப்பாவையும் அவரே ஒளித்து வைப்பாராம். ஒரு வீட்டு நாய் எல்லாப் பரீட்சையிலும் முதல் மார்க். மறுவாரம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார்: “அக்கா, பாம்பு வந்துச்சு, நாய் பக்கத்துல போய் நின்னு வேடிக்கை பாக்குது. ஆனா நான் பாத்திரம் தேய்க்க கையுறை போட்டா வீட்டை விட்டே ஓடுது.” இதைச் சொல்லிவிட்டுப் பாம்பக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நாய் நல்லாதான் படிச்சுது. நான்தான் பாம்புக்குப் பதிலா கையுறையைச் சொல்லிக் குடுத்துட்டேன்.” அதன்பின் டப்பாக்களை வீட்டுக்காரர்களே ஒளித்து வைக்கிறார்கள், வெறும் டப்பாவையும் அதே கையால்தான் வைக்க வேண்டும்.

மேனேஜர் கெட்டிக்காரன். மூன்றாம் நாளே துணி இருந்த டப்பாவை முகர்ந்ததும் திரும்பி, அம்பாகப் பாய்ந்து வந்து அண்ணன் முழங்காலை முட்டியது. அண்ணன் ஈரலைக் கொடுத்தார். நான் கைதட்டினேன். அப்புறம் அண்ணன் தன் வழக்கப்படி, “என்னடா? காட்டு,” என்றார். மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தது. அண்ணன் பின்னால் நடந்தார். இருவருமாகப் போய் அந்த டப்பாவின் மேல் ஒன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலியோரம் நின்ற பாம்பக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பூட்ஸ் அதிர நடந்து வந்து அண்ணனுக்கு முன்னால் நின்று, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “இப்ப நாய் மட்டும் போகல. ரெண்டு பேரும் போயிட்டீங்க.”

அண்ணன் அசடு வழிந்தார். நான் கைதட்டியதை நிறுத்திக்கொண்டேன். மற்ற வீடுகளில் நாய் திரும்பி வந்தால் போதும். இங்கே நாய் திரும்பி வருவதே அண்ணனை அழைத்துக்கொண்டு போவதற்காக. அந்த முட்டலை மாற்றவும் கூடாது. மாற்றினால் லாரி வருவது யார் சொல்வது? பாம்பக்கா அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டார். கவிழ்த்துப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனிடம் நாயைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், எதற்குப் பயப்படும்.

“இடின்னா பயம்,” என்றார் அண்ணன். காது போனதிலிருந்து அவர் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வரும். “ஓடி வந்து என் ரெண்டு பாதத்து மேலயும் ஏறி உட்கார்ந்துக்கும். அசைய விடாது. அதை வெச்சுதான் இடி இடிக்குதுன்னே எனக்குத் தெரியும்.”

பாம்பக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அது போதும்,” என்றார்.

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. டப்பாவை முகர்ந்துவிட்டு வந்து முட்டினால் ஈரல் கிடையாது. அண்ணன் ஈரல் இருக்கும் கையைத் தன் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். மேனேஜர் பாதத்தின் மேல் உட்கார்ந்தால்தான் ஈரல். ஆள் வந்தால் முட்டு, பாம்பு வந்தால் உட்கார். நாய்க்கு இது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அண்ணனுக்குத்தான் வரவில்லை. நாய் காலில் உட்கார்ந்ததும் அவருக்குக் குனிந்து தேட வேண்டும், இல்லாவிட்டால் காலை உருவிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். “நாய் பாஸ். முதலாளிதான் ஃபெயிலு,” என்று பாம்பக்கா வேலியோரத்திலிருந்து என்னிடம் சொல்வார். கடைசியில் அண்ணனுக்கும் பேரம் பேசினார். நாய் உட்கார்ந்ததும் அசையாமல் நின்றால் ஒரு டாஃபி. நாற்பத்தைந்து வயது ஆள், டாஃபிக்காக மரம் மாதிரி நிற்கப் பழகினார். நான் பார்த்துச் சிரித்தபோது வாயில் டாஃபியோடு முறைத்தார்.

கடைசிப் பாடத்துக்குப் பெரியவர் வந்தார். கம்பிவலைப் பெட்டியில் சுருண்டு கிடந்தவரை வரிசையின் நடுவில் வைத்தார்கள். நான் ஆபீஸ் அறையில் மேஜை மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வருஷக்கணக்காகப் பாம்பைக் கண்டால் பாய்ந்த நாய், பெட்டிக்கு வெகு முன்னாலேயே நின்றது, திரும்பி ஓடியது, அண்ணனின் பாதங்களில் உட்கார்ந்தது. அண்ணன் நின்றார். பாம்பக்கா தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்று மாலை அண்ணன் கயிற்றை அவிழ்த்துப் பரண்மேல் போட்டார்.

பாடம் முடிந்தால் எல்லாம் முடிந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் இருக்கிற பாம்பு வேறு, தோட்டத்துப் பாம்பு வேறு என்று உள்ளுக்குள் ஒரு படபடப்பு இருந்துகொண்டே இருந்தது. மேனேஜர் தொட்டிகளுக்கு நடுவே மறைந்தால் எனக்குக் கணக்கு எழுத ஓடாது.

மழைவிட்ட ஒரு காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் எலுமிச்சைக் கன்று வாங்க வந்தார். நல்ல கன்றுகள் பின்வரிசையில் இருந்தன. அண்ணன் முன்னால் நடந்தார்; டீச்சர் பின்னால்; அவருக்குப் பின்னால் நான். கன்றை எடுக்க அண்ணன் குனியப் போன நேரம், முன்னால் சுற்றிக்கொண்டிருந்த மேனேஜர் வந்தது. குரைக்கவில்லை, முட்டவில்லை. அவருடைய இரண்டு பாதங்களிலும் ஏறி அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“என்ன சார், நாய் காலு மேல உட்கார்ந்துடுச்சு? தள்ளிவிடுங்க, எனக்கு முதல் பீரியட் இருக்கு,” என்றார் டீச்சர், முன்னால் வந்து.

“முடியாது டீச்சர்,” என்றார் அண்ணன் தன் உரத்த குரலில். “மேனேஜர் உட்கார்ந்திருக்கு.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கொக்கி போட்ட நீளக் கம்பை எடுத்துவந்து, கை எட்டுகிற மட்டும் தள்ளி நின்று, கன்றுக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினேன். இரண்டு நாற்றுப் பைகளுக்கு இடையில் விரியன் சுருண்டு கிடந்தது. அண்ணனின் கை போயிருக்க வேண்டிய இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருக்கலாம்.

பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து எல்லாரும் வெளியே வந்தோம். டீச்சர் முதல் பீரியடை மறந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தரையில் மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டார். அந்தச் சூம்பிப்போன உதட்டின்மேல், பழைய கடியின் தழும்பின்மேல், கன்னத்தை வைத்துக்கொண்டு, “சரிடா, சரிடா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் யாரையும் போகச் சொல்லவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

இந்தச் சித்திரத்தை எழுதுவதே அந்த நன்றிக்காகத்தான். ஒரு குடும்பத்தில் இரண்டு உயிர்கள் ஒரே காலையில் மிஞ்சின. அதற்காக எங்கள் வீட்டில் அவரை நினைக்காத நாள் இல்லை. இதை அவரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். “நாய் செஞ்சதும்மா. முதலாளியும் பாஸாயிட்டாரு,” என்று தட்டிக்கழித்துவிட்டார். அச்சில் வந்தால் தட்டிக்கழிக்க முடியாது என்றுதான் இங்கே சொல்கிறேன்.

அன்று அண்ணன் போனில் விரியனின் படம் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பாம்பக்கா இடுக்கியும் பையுமாக வந்துவிட்டார். அவசரத்தில் பவுடர் ஊதவில்லை. சாக்கை விலக்கி, விரியனை எடுத்து, கணவர் தைத்த பையில் இறக்கி, முடிச்சுப் போட்டு, ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் ஹெல்மெட்டை எடுக்கும்போது அண்ணன் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

“போடா, போய் அக்காவுக்கு நன்றி சொல்லு.”

மேனேஜர் நாலடி வைத்தது. மூக்கு நின்றது. பாடம் தொடங்கிய அன்று அவர் மடியில் ஏறாத குறையாக விழுந்து விளையாடிய நாய், சட்டென்று திரும்பி வந்து அண்ணனின் பாதங்களில் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் காலை அசைத்துப் பார்த்தார். அது நகரவில்லை. அவருக்கு அவமானமாகிவிட்டது.

“நன்றி கெட்ட நாய், அக்கா. மன்னிச்சுக்கங்க.”

“திட்டாதீங்க,” என்றார் பாம்பக்கா, உதடு தெரியும்படி, நிதானமாக. “என்கிட்ட படிச்ச எந்த நாயும் அப்புறம் என்கிட்ட வராது. எத்தனை குளிச்சாலும் அந்த வாசனை என்னை விட்டுப் போகாது. வந்துச்சுன்னாதான் நான் கவலைப்படணும்.”

“உங்க வீட்டுல நாய் இல்லையா?” என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

“ரொம்பப் பிடிக்கும்மா எனக்கு,” என்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று மேனேஜரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையைக் கம்பிகளுக்கு மேலாக நீட்டி, விரல்களை மடக்கி, நாயின் காதுக்குப் பின்னால் சொறிவதுபோல் வெறும் காற்றை மெல்லச் சொறிந்து கொடுத்தார்.